மலைநாட்டில் இரண்டு தெரிவுகள்

எங்கள் பாடசாலைத் தமிழ்த்தின விழாவில் ஒரு விவாதப் போட்டி. தலைப்பைத் தந்தவர் விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர்: ‘மனிதன் தன் கூர்ப்பைத் தானே நெறிப்படுத்த வல்லவன்.’ நடுவர் நான். ஒட்டிப் பேசிய அணி மரபணுத் திருத்தம், செயற்கை உறுப்பு, நூற்றைம்பது வயது வாழ்க்கை என்று அடுக்கிக்கொண்டே போனது. வெட்டிப் பேசிய அணி, படைப்பில் கைவைக்க மனிதன் யார் என்று கேட்டது. இரண்டு பக்கமும் மனனம் செய்துகொண்டுதான் வந்திருந்தார்கள். அது ஒன்றும் புதிதல்ல.

வெட்டிப் பேசிய அணியில் கடைசியாக எழும்பியது ஒரு தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய அம்மா தேயிலைத் தவறணையில் கன்று போடுகிறவர். எழுதி வந்த தாளைப் பாதியில் மடித்துவிட்டு வீட்டுப் பேச்சிலேயே கேட்டாள்: “வீ.பீ. தேயிலைய யாரு தெரிவு செஞ்சாங்கன்னு எங்கம்மாவுக்குத் தெரியும். மனுசன் மனுசனத் தெரிவு செய்றதுன்னா, செய்ற மனுசன் யாரு, செய்யப்படுற மனுசன் யாரு?” அதற்குள் மணி அடித்துவிட்டது. ‘கேள்வி நன்று, விடயச் செறிவு போதாது’ என்று குறித்து, பத்துக்கு ஐந்து போட்டேன். ஒட்டிய அணிக்கு வெற்றி. சில வருடங்களாக அந்தப் புள்ளித்தாள் என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. விடயச் செறிவு போதாமல் இருந்தது எனக்குத்தான். அதன்பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. தமிழ்நாட்டு நூல்களில் ‘பரிணாம வளர்ச்சி’ என்று வாசித்துப் பழகியவர்களுக்கு நம் நாட்டுப் பாடநூல்களின் ‘கூர்ப்பு’ விநோதமாகப் படும். எனக்கு இந்தச் சொல்லில் ஒரு பிரியம் உண்டு. தொல்காப்பியர் உரியியலில் கூர்ப்பையும் கழிவையும் இணையாக வைத்து, ஏற்கெனவே இருப்பது மிகுதலை உணர்த்தும் சொற்கள் என்பார். டார்வின் 1859இல் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். ஓர் இனத்துக்குள் இருக்கும் சிறு வேறுபாடுகளில் சில, சூழலுக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டால், தலைமுறை தலைமுறையாக மிகுகின்றன. ‘வளர்ச்சி’ என்று சேர்த்ததும் ஏதோ ஒரு உச்சியை நோக்கி ஏறுவது போன்ற எண்ணம் வந்துவிடுகிறது. இயற்கைக்கு அப்படிப் போகுமிடம் எதுவும் இல்லை என்பதே டார்வினின் கொள்கை. போகுமிடத்தை மனதில் வைத்துத் தெரிவு செய்கிறவன் புறா வளர்ப்பவன், மாடு வளர்ப்பவன். டார்வின் தம் நூலைத் தொடங்குவதே அவர்களிடமிருந்துதான்.

மாட்டுக்குச் செய்வதை மனிதனுக்குச் செய்தால் என்ன என்று கேட்டவர் டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன். 1883இல் அதற்கு ‘யூஜெனிக்ஸ்’ என்று பெயரும் வைத்தார். ‘நல்ல’ குடும்பங்கள் பெருக வேண்டும், ‘தகாதவர்கள்’ குறைய வேண்டும் என்பது சுருக்கம். ஜெர்மனியில் அது எங்கே போய் நின்றது என்பது உலகம் அறிந்தது. ஆனால் அந்த எண்ணம் 1945உடன் செத்துப்போகவில்லை. யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர் ஜூலியன் ஹக்ஸ்லி பெரிய உயிரியலாளர், இனவாதத்தை எதிர்த்து எழுதியவர். அவரே 1959 முதல் 1962 வரை பிரித்தானிய யூஜெனிக்ஸ் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். கூர்ப்பு என்ற மாபெரும் தொழிலுக்கு மனிதன் திடீரென நிர்வாக இயக்குநராக நியமனம் பெற்றுவிட்டான், அந்தப் பதவியை இனி மறுக்கவும் முடியாது என்ற பொருள்பட 1957இல் அவர் எழுதினார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நிர்வாகி என்றால் யாரென்று விளக்கத் தேவையில்லை. துரை. ஹக்ஸ்லியின் உவமையை வாசித்தபோது எனக்கு வந்த சிரிப்பு அதனால்தான். பிரட்டுக்களத்தில் நிற்கிற அத்தனை பேரும் துரையல்லவே.

நம்மவர்கள் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. பஸராவின் அல்-ஜாஹிஸ் ஒன்பதாம் நூற்றாண்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய பெருநூலில், சூழல் உயிர்களை மாற்றுவதைக் கவனித்திருக்கிறார். இப்னு மிஸ்கவைஹ் தாவரத்திலிருந்து விலங்குக்கும் விலங்கிலிருந்து மனிதனுக்கும் செல்லும் படிநிலையைப் பேசினார். இவர்களை நவீன வாசகருக்கு நினைவூட்டியவர் அல்லாமா இக்பால். 1929 ஜனவரியில் மதராசுக்கு வந்து அவர் ஆற்றிய உரைகளில் தொடங்கி வளர்ந்த நூலில் இருவரும் வருகிறார்கள். மனிதன் முடிந்துபோன படைப்பல்ல, தன்னை ஆக்கிக்கொள்ளும் பொறுப்பு அவனிடம் உண்டு என்பது இக்பாலின் நிலை. ஆனால் அவர் பேசியது ஒவ்வொரு மனிதனும் தன்னைத் தானே ஆக்கிக்கொள்வதைப் பற்றி. கால்டன் பேசியது சிலர் மற்றவர்களை ஆக்குவதைப் பற்றி. நம் மேடைகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நானும் பேசியிருக்கிறேன்.

முதல் மனிதரின் பாதம் பட்டதாக நம் முன்னோர் நம்பிய பாவாத மலையைச் சுற்றித்தான் எங்கள் தேயிலைத் தோட்டங்கள் கிடக்கின்றன. அந்த மலைச்சரிவுகளில் செடியையும் மனிதரையும் தெரிவு செய்த வரலாறு இரண்டு அருகருகே நடந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது செடியின் வரலாறு என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

தேயிலைக்கு முன் இங்கே கோப்பி. மலை மலையாகக் காட்டை வெட்டி ஒரே இனக் கோப்பியை நட்டார்கள். 1869இல் மடூல்சீமைப் பக்கம் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் போல ஒரு பங்கசு தென்பட்டது. இருபது வருடங்களுக்குள் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. அதை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், அந்தப் பங்கசின் வாழ்க்கையைக் கண்டறிந்ததோடு இன்னொன்றையும் கவனித்தார். நடுவில் காடோ வேறு மரமோ இல்லாமல் ஒரே பயிரை நெருக்கமாக நட்டு வைத்தது, காற்றில் பறக்கும் வித்திகளுக்குப் பந்தி விரித்தது போலாகிவிட்டது என்பது அவர் கண்ட உண்மை. தோட்டக்காரர்கள் மருந்து கேட்டார்கள். அவர் காரணம் சொன்னார். அதனால் அவருக்கு இங்கே பெரிய மதிப்புக் கிடைக்கவில்லை.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். கோப்பி விழுந்ததும் அது மலை முழுவதும் பரவியது. அந்தத் தேயிலை விதையிலிருந்து வந்தது. தேயிலை பெரும்பாலும் அயல் மகரந்தத்தால் காய்க்கும் செடி. அதனால் ஒரு மலையில் நிற்கும் செடிகளில் ஒன்று போல இன்னொன்று இராது. ஒன்று அகல இலை, ஒன்று சிற்றிலை. ஒன்று சீக்கிரம் கொழுந்து விடும், பக்கத்துச் செடி சோம்பலாக நிற்கும். பழைய விதைத் தேயிலை மலையில் நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் சட்டப்படி அமைந்து, சில வருடங்களில் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. டப்ஸ் என்பவர் 1930களில் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார். நன்றாக விளையும் செடியிலிருந்து ஓரிலைத் துண்டை வெட்டி வேர்விட வைத்தால், அதே செடி ஆயிரமாகும், இலட்சமாகும். அதுதான் வீ.பீ. தேயிலை. 1950களில் அது தோட்டங்களுக்கு வந்தது. பழைய செடியைப் பிடுங்கிப் புதிது நட அரசு மானியமும் கொடுத்தது. டீ.ஆர்.ஐ. 2025 என்ற இலக்கத்தைக் கொழுந்தெடுக்கும் பெண்கள்கூடப் பெயர் சொல்வது போலச் சொல்வார்கள். விளைச்சல் கூடியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மனிதன் ஓர் உயிரினத்தின் கூர்ப்பை நெறிப்படுத்தினான் என்பதற்கு எங்கள் ஊரில் இதைவிடச் சாட்சி வேண்டாம்.

விலையும் கொடுக்க வேண்டி வந்தது. அந்த 2020 வரிசைக் குளோன்கள் பலவும் ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாய்ச்செடியின் வழி வந்தவை. மரபு அடித்தளம் குறுகிவிட்டது என்று பிறகு ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். கோப்பி சொல்லிக் கொடுத்த பாடம் அரைவாசி மறந்துபோனது. இன்னொன்று, துண்டிலிருந்து வரும் கன்றுக்கு உண்மையான ஆணிவேர் இல்லை. வரட்சி நீண்டால் விதைத் தேயிலை தாக்குப்பிடிக்கும் அளவுக்கு இது பிடிக்காது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு விடயம். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் உடனே குளோன் கன்றை நடமாட்டார்கள். கௌதமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு, ஒன்றரை இரண்டு வருடம் மண்ணைத் தேறவிடுவார்கள். எத்தனை உயர்ந்த கன்றென்றாலும் களைத்த மண்ணில் நட்டால் வராது என்பது ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டிப்பான விதி. செடிக்கு இந்த மரியாதை கிடைத்தது. அந்தச் செடியை வளர்த்தவர்களுக்குக் கிடைத்ததா என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

மனிதரைத் தெரிவு செய்வது கடலுக்கு அந்தப் பக்கமே தொடங்கியது. இராமேசுவரத்துக்குக் கிட்ட மண்டபம் முகாம். தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்களை அங்கே நாட்கணக்கில் தடுத்து வைத்து, உடம்பைப் பார்த்து, அம்மைப்பால் குத்தி, தேறியவர்களை மட்டும் கப்பலேற்றினார்கள். தொற்று வராமல் தடுப்பது நோக்கம், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் வேலைக்கு ஏற்ற உடம்பா என்ற கேள்வியும் கூடவே இருந்தது. 1916இல் ரொக்கஃபெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. புழு இரத்தத்தைக் குடிக்கிறது, ஆள் சோர்ந்துபோகிறான், கொழுந்து குறைகிறது. மருந்து கொடுத்தார்கள். ஆனால் புழு மண்ணில்தான் இருக்கிறது. லயத்துக்கு ஒழுங்கான மலசலகூடம் இல்லாவிட்டால் வெறுங்காலில் நடப்பவனுக்கு அது திரும்ப ஏறும். மருந்து மலிவு, மலசலகூடம் செலவு. மண்ணைத் தேற்றாமல் கன்றை மட்டும் பார்ப்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

ஆள் தேவைப்பட்ட காலத்தில் குடும்பம் குடும்பமாகக் கங்காணிகள் கூட்டி வந்தார்கள். பிள்ளையும் எட்டு ஒன்பது வயதானால் ஒரு பேர். 1939இல் இந்திய அரசு இங்கே தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, அடுத்த வருடம் வாக்கும் பறிபோனது. ‘ஆள் போதாது’ என்று பேசியவர்கள் ‘ஆள் அதிகம்’ என்று பேசத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

1953இல் குடும்பத் திட்டச் சங்கம் கொழும்பில் உருவானது. 1958இல் சுவீடன் அரசோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சுவீடன் உலகில் முதன்முதலாகக் குடும்பத் திட்டத்துக்கு அரசாங்க உதவி கொடுத்த நாடுகளில் ஒன்று. முன்னோடித் திட்டத்துக்கு இரண்டு இடங்களைத் தெரிந்தார்கள். ஒன்று களுத்துறை மாவட்டத்துப் பண்டாரகம, சிங்களக் கிராமம். மற்றது நுவரெலியா மாவட்டத்து டயகம, தோட்டம். டயகம என்ற பெயரைக் கண்டதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பி நடந்தேன். அக்கரப்பத்தனைக்கு மேலே, அந்த பஸ்ஸில் எத்தனை தடவை போயிருக்கிறேன். எந்தக் கிழவியும் இதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தத் திட்டத்தில் வந்த சுவீடன்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் அன்று கொண்டுவந்தவை தற்காலிக முறைகள்தான், தாய்மாரின் உயிரைப் பற்றிய அக்கறையும் அதில் இருந்தது. ஆனால் ஒன்றை மறக்க முடியாது. பண்டாரகமவில் இருந்தவருக்கு அந்தத் திட்டம் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் காட்டலாம். டயகமவில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கும் இல்லை, நாடும் இல்லை. ஆறு வருடத்தில், 1964இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். கொழுந்தை நிறுத்துப் பிரிப்பது போலப் பிரித்தார்கள். போனவர்கள் பலர் இறங்கியதும் அதே மண்டபம் முகாமில்தான்.

பிறகு நிரந்தர முறை வந்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையானதும் சுகாதார சேவை கொஞ்சம் கிட்ட வந்தது. கூடவே சத்திரசிகிச்சையும் வந்தது. 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவருக்கு அரசு 100 ரூபா கொடுக்கத் தொடங்கியது, பிறகு அது 500 ரூபாவாகியது. நாடு முழுவதற்கும் ஒரே தொகை. ஆனால் ஒரு நாள் பேர் விழுந்தால் கிடைக்கும் காசை எண்ணி வாழ்கிற வீட்டில் அந்த 500இன் கனம் வேறு. மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் வெளியிட்ட ஆய்வு, தோட்டத்துப் பெண்களுக்கு மற்ற முறைகளைப் பற்றிச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பதையும், நிரந்தர முறையை நோக்கி அவர்கள் தள்ளப்பட்ட விதத்தையும் பதிவு செய்திருக்கிறது. நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டத்துறையில் இந்தச் சத்திரசிகிச்சையின் பங்கு கூடுதல் என்பதை அரசாங்கத்தின் கணக்கெடுப்புகளே காட்டின.

இதை எழுதும்போது எங்கள் கடை நினைவுக்கு வருகிறது. வாப்பா டவுனில் சின்னத் துணிக்கடை வைத்திருந்தார். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். சம்பளம் போடாத ஒரு நாளில் ஒரு அம்மா வந்தார். கடையில் வழமையாகக் கடன் எழுதுகிறவர். ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புக்கு வெள்ளைத் துணியும் தனக்கு ஒரு சீத்தையும் கேட்டார்.

“சம்பளம் இன்னும் போடல்லயே தங்கச்சி?” என்றார் வாப்பா.

“ஆபரேசன் காசுங்க முதலாளி.”

வாப்பா ஒன்றும் பேசவில்லை. துணியை அளந்து கிழித்தார். அளவுக்கு மேல் ஒரு சாண் விட்டுத்தான் கிழித்தார், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு கொப்பியை எடுத்து, பழைய கடனில் ஒரு பகுதியையும் அந்தக் காசிலிருந்து கழித்துக்கொண்டார். அதுவும் ஞாபகம் இருக்கிறது. இரவில் உம்மாவிடம் சொன்னபோது உம்மா சொன்னது: “அவளுக்கு நாலு புள்ள. அஞ்சாவதுல மௌத்தாகியிருப்பா. நல்லதுதான் செஞ்சீக்கிறாங்க.” உம்மா சொன்னதிலும் உண்மை உண்டு. போதும் என்று தானாக முடிவெடுத்துப் போன பெண்கள் நிறையப் பேர். நாலு பிள்ளையைப் பெற்றுக் கூடை சுமந்தவளிடம் போய் உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கடைக்கு வந்தவரிடம் வேறு என்ன வழி இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நமக்கு இந்தப் பேச்சு வேறு விதத்தில் பழக்கமானது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை என்று கிளப்பிவிட்டார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது மாவுக்கட்டி என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் சொன்ன நேரம் எல்லாம் முடிந்திருந்தது. அடுத்த வருடம் குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவரை இதே பழியில் கைது செய்தார்கள். அதற்கும் சான்று கிடைக்கவில்லை. இல்லாத ஒன்றுக்காக அடி வாங்கியவர்கள் நாம். அந்த நாட்களில் நம் சஞ்சிகைகளில் எத்தனை கட்டுரை வந்தது என்று எனக்குத் தெரியும், நானும் ஒன்று எழுதினேன். எங்கள் கடைகளுக்கு முன்னால் இருக்கும் மலைகளில் நடந்ததைப் பற்றி நாம் எழுதியது எத்தனை? மலைநாட்டு டவுன்களில் மூன்று நான்கு தலைமுறையாகத் தோட்டத்துச் சம்பளத்தை நம்பிக் கடை நடத்தியவர்கள் நாம். அந்தக் கணக்குக் கொப்பிகளில் ஒரு வரலாறு இருக்கிறது. நாம் வியாபாரிகளாக மட்டும் அதைப் புரட்டியிருக்கிறோம்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். மனிதன் தன் கூர்ப்பை நெறிப்படுத்த முடியுமா? உயிரியல் நண்பரிடம் கேட்டபோது, மனிதன் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறான், தெரியாமல் செய்கிறான் என்றார். அவர் தந்த உதாரணம் மலேரியா. தலசீமியா என்ற இரத்த நோயின் மரபணுவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்றவருக்கு நோய் இல்லை, மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பும் கிடைக்கிறது. இப்படி இருக்கலாம் என்று 1949இல் முதலில் சொன்னவர் ஹால்டேன். பிறகு இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். நம் நாட்டில் அந்த மரபணு மலேரியா மலிந்திருந்த வரண்ட வலயத்திலும் குருநாகல் பக்கத்திலும் கூடுதல். 1934–35 மலேரியாவில் 80,000 பேரளவில் இறந்துபோனார்கள். உயர மலைகளில் நுளம்பு அவ்வளவாக இல்லாததால் எங்கள் பக்கம் தப்பியது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார அமைப்பு சான்று தந்தது. அந்த நாளோடு, அந்த மரபணுவுக்கு இருந்த ஒரே நன்மை இந்த மண்ணில் இல்லாமல் போனது. நம் இரத்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான வருடமாக இயங்கிய ஒரு தெரிவை நாம் நிறுத்தியிருக்கிறோம். அதற்காக ஒருவரையும் நீக்கவில்லை, ஒருவரையும் பெருக்கவில்லை. நுளம்பைத் தடுத்தோம், காய்ச்சல்காரனைத் தேடிப் போய் மருந்து கொடுத்தோம்.

தெரிந்து செய்யும் காலமும் வந்துவிட்டது. 2018 நவம்பரில் ஒரு சீன விஞ்ஞானி கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். உலகமே கண்டித்தது, அவர் சிறைக்குப் போனார். ஆனால் 2023 நவம்பரில் அதே கருவியைக் கொண்டு தலசீமியா நோயாளியின் சொந்த இரத்தக் கலங்களைத் திருத்தும் சிகிச்சைக்குப் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. சிகிச்சை பெறுகிறவர் தாமே சம்மதிக்கிறார், மாற்றம் அவரோடு நிற்கிறது. அந்தக் குழந்தைகளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அந்தத் திருத்தம் போகும்.

எங்கள் மலைகளில் மனித உடம்பு மாறியிருக்கிறதா என்று பார்த்தால், அது மரபணுவால் மாறியதல்ல. 2006–07 சனத்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில் தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 40 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2016இல் அது 32 வீதமளவுக்கு இறங்கியது. நாடு முழுவதற்கும் அது 17 வீதம்தான். ‘தோட்டத்து ஆக்கள் குள்ளம், அது அவங்கட பரம்பரை’ என்று ஆசிரியர் அறையிலேயே கேட்டிருக்கிறேன். பரம்பரை என்றால் பத்து வருடத்தில் எட்டு வீதம் குறையாது. சோறும் பாலும் முட்டையும், கர்ப்பிணியின் இரும்புச்சத்தும், சுத்தமான தண்ணியும், வாசிக்கத் தெரிந்த தாயும் சேர்ந்து செய்த வேலை அது. மெலிந்த தாய்க்கு எடை குறைந்த குழந்தை, அது பெண்ணானால் அவளும் மெலிந்த தாய் என்று ஓடும் சங்கிலி ஒரு தலைமுறையில் அறுந்துவிடாது. ஆனாலும் இங்கே நெறிப்படுத்தியவர்களில் அந்தப் பெண்களும் இருக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள அவர்கள் பட்ட பாட்டை வகுப்பறையில் நிற்கிற எனக்குத் தெரியும்.

போன வருடம் அந்தப் பிள்ளையின் அம்மாவைத் தவறணையில் பார்த்தேன். நிழலுக்குள் குந்தியிருந்து பொலித்தீன் உறைகளில் துண்டுகளைக் குத்திக்கொண்டிருந்தார். ஒரு கணு, ஒரு இலை. எந்தச் செடியில் எப்போது வெட்டுவது, பந்தலின் நிழலை எந்த மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்று, நான் கேட்காமலே அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். மேலே வேலியோரத்தில் பிடுங்காமல் விட்டிருந்த விதைத் தேயிலையையும் கொண்டுபோய்க் காட்டினார். மகள் இப்போது உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாளாம்.

அந்தப் புள்ளித்தாள் என் மேசை லாச்சியில் இன்னும் கிடக்கிறது. ஐந்தை வெட்டி ஒன்பது என்று போட்டுப் பக்கத்தில் கையொப்பம் வைத்திருக்கிறேன். ஒரு புள்ளியைக் குறைத்தது, அவள் நேரத்துக்குள் முடிக்காததால்.